செத்த காலேஜ்

சனிக்கிழமை, இரவு.

சொந்த ஊரையே சுற்றுலாப் பேருந்தில் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எம்.ஏ. படிக்க டெல்லிக்குத்தான் போவேன் என்று நிற்கும் யாழினிக்கு, சென்னையிலும் படிக்க இடம் உண்டு என்று காட்டத்தான் கூட்டிப்போனேன். மகள் இயர்போனைச் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தேனாம்பேட்டை சிக்னலில், முன் இருக்கையில் இருந்த சிந்தாதிரிப்பேட்டை அம்மா வழிகாட்டியிடம் கேட்டார்: "இன்னா நைனா, இத்தினி காலேஜ் காட்டினியே, செத்த காலேஜ் எங்கே?"

வழிகாட்டி கோயம்புத்தூர்க்காரர், பாவம். "அதை மூடிட்டாங்களாங்க?" என்றார்.

பேருந்தே சிரித்தது. யாழினி இயர்போனைக் கழற்றினாள். "என்னம்மா அது?"

"மியூசியம்டி. அங்கே எல்லாம் செத்து, பாடம் பண்ணி வச்ச மிருகங்கள். அந்தக் காலத்தில் ஜூவுக்குப் பேர் உயிர் காலேஜ்."

அதன்பிறகு அவள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. கடலைப் பார்த்து நிற்கும் பல்கலைக்கழகப் படியிலிருந்து அவளை இறக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

சற்றுமுன் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "மா, பீச் எதிர்ல இருக்கற உயிர் காலேஜுக்கும் அப்ளை பண்ணிட்டேன்."

டெல்லிக்கும்தான் பண்ணியிருக்கிறாள். இப்போதே நம்பிவிடக் கூடாது. ஆனாலும் விளக்கை அணைக்க மனம் வரவில்லை.