புழு மழையும் ஒரு சிட்டிகை கடுகும்

அன்புள்ள அம்மாவுக்கு, அன்பும் வாலும் குறையாத உன் மகன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? அப்பா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

என் வேலையைக் கேட்டால் சிரிப்பாய். காட்டு மரங்களுக்கு அடியில் வெள்ளைத் தட்டு வைத்து, இலை தின்னும் புழுக்கள் போடும் எச்சத்தை எண்ணுகிறேன். காதைத் தீட்டினால் தூறல் போலச் சத்தம் கேட்கும். அண்ணாந்து மட்டும் பார்க்கக் கூடாது. எச்சம் கூடினால் புழுவும் கூடுகிறது என்று அர்த்தம். எந்த மரங்கள் மொட்டையாகும் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜோசியம்தான், கிளிக்குப் பதில் புழு.

போன வாரம் கூட வேலை பார்க்கும் அண்ணனின் தட்டில் விளையாட்டாக ஒரு சிட்டிகை கடுகு போட்டேன். அவர் அதை எச்சமென்று எண்ணிவிட்டார். எண்ணிக்கை எகிறியதைப் பார்த்து, எங்கள் மேலதிகாரி மேடம் பூச்சிமருந்து தெளிக்கும் வண்டிக்கு ஃபோன் போடப் போனார். தெளித்தால் தேனீயெல்லாம் செத்துவிடும். வேலை போனாலும் போகட்டும் என்று ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன்.

மேடம் தட்டை என் பக்கம் தள்ளினார். "கடுகைப் பொறுக்கிட்டு மிச்சத்தை எண்ணு."

"மிச்சம் ஒண்ணுமில்ல மேடம். எழுத வேணாம்ல?"

"பூஜ்யம்னு எழுதுடா. எழுதாம விட்டா, எதுவும் விழலையா, இல்ல யாருமே வந்து பாக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா, நம் வாசல் மரத்தடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து வை. என்ன விழுகிறது என்று எண்ணி வாரா வாரம் எழுது. உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஒன்றுமே விழாவிட்டாலும் எழுது.

ஜீப் ஹாரன் அடிக்கிறது.

உன் வாலு