கட்டினவர் வந்து கட்டட்டும்

மேல் டிவிஷன்,
தெரணியகலை.
12.09.2004

அன்பு மகன் சுரேந்திரனுக்கு,

அம்மா அழகம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன் பெண்சாதி சுகந்தினியும் இங்கே சுகம், கட்டார் வெயிலில் தண்ணி பவுசர் லொறி ஓட்டுகிற உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என்று சொன்னேனே தவிர கை என்னுடையது இல்லை, உனக்குத் தெரியும். நான் கட்டிலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல சுகந்தினிதான் எழுதுகிறாள். நான் வாயில் வந்தபடி சொல்வதை அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற மாதிரி திருத்தமாக எழுதுவாள், அது பரவாயில்லை, ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு விஷயத்தையும் குறைக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் சொல்றத எழுது புள்ள, ஒன் வெக்கத்த அதுல கலக்காத என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சரி மாமி என்றாள். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கபூர் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் அந்த டெலிபோன் பெட்டிக்குள் நின்று பேசினால் வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு எல்லாம் கேட்கிறது. போன முறை நீ கோல் எடுத்தபோது ஒப்பரேஷன் முடிந்தது, ஆள் நல்லா இருக்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்தேன். மிச்சம் இதில் இருக்கிறது, பொறுமையாக வாசி, அறையில் மற்ற பொடியன்கள் இல்லாத நேரம் வாசி.

இங்கே ஒரே மழை. றப்பர் பால் வெட்டு சரியாக இல்லை, அப்பா காலையில் பிரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றுவிட்டு நனைந்துகொண்டு திரும்பி வருகிறார். இருமல் இருக்கிறது, மருந்து குடி என்றால் சுருட்டை எடுக்கிறார். நமது லயத்துக் காம்பராவின் பின்பக்கக் கூரைத் தகரத்தை அவரே ஏறிச் சரிபண்ணிவிட்டார், இப்போது ஒழுக்கு இல்லை. சுகந்தினிக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள் பாரம் தூக்கக்கூடாது, பீலியில் தண்ணீர் எடுப்பது நான்தான். நான் குடம் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து அவளுக்குத்தான் சங்கடம், வாசல் வரைக்கும் வந்து வந்து நிற்கிறாள், உள்ளே போய்ப் படு என்று விரட்டுகிறேன்.

நீ போனதிலிருந்து இந்த லயத்தில் என்னென்ன பேச்சு என்று உனக்கு நான் எழுதியதில்லை. நீங்கள் கல்யாணம் முடித்து ஆறு வருஷம். அதில் நாலு வருஷம் ஒன்றாக இருந்தீர்கள், அப்போதும் பிள்ளை இல்லை, போன வருஷம் லீவில் வந்து போனாய், அப்போதும் இல்லை. அவள் பட்டம் வாங்கிய அன்றைக்கே பீலியடியில் ஒருத்தி, பொஸ்தகத்த நெஞ்சுல வச்சுப் படிச்சவளுக்கு வயித்துல வைக்க எடம் ஏது என்று சொன்னாள். இந்தத் தோட்டத்தில் முதல் முதல் பட்டம் எடுத்தவள் என் மருமகள், அவளைப் படிக்கச் சொன்னது என் மகன் என்று நான் பெருமைப்பட வேண்டிய நாளில் இந்தப் பேச்சைக் கேட்டேன். நல்லநாள் பெரியநாளில் யாருக்காவது வளைகாப்பு என்றால் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு வளையல் போட்டு அனுப்புவார்கள். அடுத்தது ஒனக்குத்தான் என்பார்கள். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு வாங்கி வருவாள், வந்து கழற்றி டப்பாவில் போடுவாள். அந்த டப்பா நிறைந்துவிட்டது. இந்த இடத்தில் பேனா நின்றது, நான் எழுது என்றேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனேன், இரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். சரியென்றால் ஏன் தங்கவில்லை என்று கேட்டேன். டொக்டர் ஐயா சிங்களத்தில், வெளியிலிருந்து பார்த்துத் தெரியாதது சிலது இருக்கும், தொப்புள் வழியாகச் சின்னக் கெமரா விட்டு உள்ளே பார்க்கவேண்டும், கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். புருஷனைப் பார்த்தாயிற்றா என்று. சுகந்தினி வாய் திறக்கும் முன்னால் நான்தான் சொன்னேன், என் மகனுக்கு மெடிக்கல் எல்லாம் பாஸ் மஹத்தயா, கொழும்பில் பெரிய இடத்தில் பார்த்தது, பாஸானபடியால்தானே கட்டாருக்கு எடுத்தார்கள் என்று. நீயும் அதைத்தானே சொன்னாய். ஏஜென்சிக்காரன் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஒடம்புல ஒரு கொறையும் இல்லையாம்மா என்றாய். லீவில் வந்தபோது அவள் மெதுவாகக் கேட்டதற்கும், எனக்குத்தான் மெடிக்கல் பாஸாயிருச்சே, நீ போய்க் காட்டு என்று சிரித்தாய். அவளும் அதை நம்பினாள், நானும் நம்பினேன். ரிப்போர்ட்டைப் பிறகு கொண்டு வாருங்கள் என்று டொக்டர் ஐயா சொல்லி, ஒப்பரேஷனுக்குத் திகதி போட்டுக் கொடுத்தார்.

அந்தக் காலையில் தியேட்டருக்குக் கொண்டு போகும் முன்னால் வார்ட்டு நர்ஸ் மிஸ்ஸி வந்து, தோடு, மோதிரம், கழுத்தில் இருக்கிறது எல்லாம் கழற்றச் சொன்னாள். சுகந்தினி தோட்டைக் கழற்றினாள். தாலிக்கொடியில் கை வைத்ததும் என்னைப் பார்த்தாள். நான் மிஸ்ஸியிடம், அது கழற்றுகிற சாமான் இல்லை நோனா, புருஷன் இருக்கிறவள் கழுத்தை வெறுமையாக விடக்கூடாது என்றேன். அந்தப் பிள்ளையும் பாவம், கரண்டால் சுடுகிற கருவி இருக்கிறது அம்மே, தங்கம் இருந்தால் உடம்பு சுட்டுவிடும் என்றாள். மஞ்சள் கயிறு கொண்டு வந்திருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. நான் முழித்துக்கொண்டு நிற்கிறதைப் பார்த்து அடுத்த கட்டிலில் இருந்த வரக்காப்பொல சிங்கள அம்மா என்னவென்று கேட்டாள். கர்ப்பப்பை எடுக்க வந்து படுத்திருப்பவள். சொன்னதும் தன் கையில் பல சுற்றாகக் கட்டியிருந்த பிரித் நூலில் பாதியை அவிழ்த்துக் கொடுத்தாள். பன்சலையில் பிக்கு ஓதிக் கட்டிவிட்ட வெள்ளை நூல். ஒனக்கு வேணாமா என்று கேட்டதற்கு, மிச்சப் பாதி எனக்குப் போதும் என்றாள். ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கிற ஒருத்தி மஞ்சள் கிழங்குத் துண்டு கொண்டு வந்தாள். அதை அந்த நூலில் முடிந்து நான் அவள் கழுத்தில் கட்டிவிட்டுத் தாலிக்கொடியைக் கழற்றி என் மடியில் முடிந்துகொண்டேன். அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் கை மடியிலேயே இருந்தது.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் வயிறு வலிக்கிறது என்று சொல்லவில்லை, தோள் வலிக்கிறது மாமி என்றாள். வயிற்றில் ஓட்டை போட்டால் தோள் எதற்கு வலிக்க வேண்டும் என்று நான் பயந்து மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். உள்ளே காற்று அடித்துத்தான் பார்ப்பார்களாம், அந்தக் காற்று மேலே ஏறித் தோளில் குத்துமாம். பிறகு சிறுநீர் நீலமாகப் போனது, அதற்கும் பயந்தேன், அது குழாயில் விட்ட மருந்தாம். இதை எழுத மாட்டேன் என்றாள். எழுது, அவன் தெரிந்துகொள்ளட்டும் என்றேன். தொப்புளில் ஒரு தையல், கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. சிரித்தால் இழுக்கிறது என்று இரண்டு நாள் சிரிக்காமலே இருந்தாள்.

வீட்டுக்கு விடுகிற அன்றைக்கு டொக்டர் ஐயா வந்து கட்டில் ஓரத்தில் நின்று சொன்னார். இரண்டு குழாயும் திறந்திருக்கிறது, மருந்து தடையில்லாமல் போனது, கட்டி இல்லை, ஒட்டல் இல்லை, இந்தப் பிள்ளையின் வயிற்றில் நான் பார்த்த மட்டில் ஒரு குறையும் இல்லை என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு, புருஷன் மஹத்தயாவின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்றார். நான் பொலித்தீன் உறையில் பத்திரமாகக் கொண்டு போன உன் மெடிக்கல் கடதாசியைக் கொடுத்தேன். அதை வாசித்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு சுகந்தினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை, மகனே. நெஞ்சைப் படம் பிடித்து சயரோகம் பார்த்திருக்கிறார்கள், இரத்தத்தில் தொற்று நோய் பார்த்திருக்கிறார்கள், கண் பார்த்திருக்கிறார்கள், வேலைக்கு ஆள் சரி என்று எழுதியிருக்கிறார்கள், பிள்ளை விஷயமாக இதில் ஒரு சொல்லும் இல்லை அம்மே என்றார். அவரைப் பார்த்தாயிற்று என்று சொன்னீர்களே, இல்லையென்று தெரிந்திருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் சொன்னார். சுகந்தினி அந்தக் கடதாசியை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். வயிற்றில் தலையணையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். அவிசாவளையில் பஸ் மாறி ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள். நான் இங்கிலீஷ் வாசிப்பேன் மாமி, அந்தக் கடதாசி ரெண்டு வருஷமா நம்ம பெட்டியிலதான் கெடந்துச்சு, நான் ஒரு நாள் எடுத்து வாசிக்கல, அவரு பாஸுன்னு சொன்னாரு, போதும்னு இருந்துட்டேன் என்றாள். அவ்வளவுதான். உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் தலைக்கு ஊற்றி வந்ததும் விளக்கு ஏற்றி, தாலிக்கொடிக்கு மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு வந்தேன். குனி புள்ள, போட்டுவிடுறேன் என்றேன். அவள் குனியவில்லை. கழுத்தில் கிடந்த அந்த மஞ்சள் துண்டைக் கையால் பிடித்துக்கொண்டு, இது இருக்கட்டும் மாமி, அத கட்டுனவரு வந்து கட்டட்டும் என்றாள். நம் வீட்டுக்கு வந்த நாள் முதல் எனக்கு எதிர்ப்பேச்சு பேசாத பிள்ளை. சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அழவும் இல்லை. நான் அதட்டிப் பார்த்தேன், லயத்துச் சனம் என்னா பேசும் தெரியுமா என்றேன். இவ்வளவு நாளும் பேசுனதவிடவா மாமி என்றாள். நான் சொன்னது போலவே மறுநாள் ஒருத்தி கேட்டாள், என்னா அழகம்மாக்கா, மருமக கழுத்துல நூலு தொங்குது, தாலி பேங்குக்குப் போயிருச்சா என்று. எம்மவன் வாறான், வந்து கட்டுவான் என்று நானே சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அப்பாவிடம் சொன்னதற்கு முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டார். ஆம்பளைக்கு எதுக்குடி சோதன என்றார். சுகந்தினி சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சுருட்டைப் பற்றவைத்துப் பாதியில் அணைத்துவிட்டு, பால் வரலன்னா மரத்தையே வெட்டிக்கிட்டு நிப்பாங்களா, கத்தியையும் பாக்க வேணாமா, அவனையும் வந்து பாக்கச் சொல்லு என்றார். இதை எழுதும்போது உன் பெண்சாதி சிரிக்கிறாள், தையல் இழுக்கவில்லை போலிருக்கிறது.

ஆகையால் மகனே, தைக்கு வர மாட்டேன், லீவுக்குப் பதிலாகச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னாயே, அதை எழுதிக் கொடுக்காதே. வா. டொக்டர் ஐயா எனக்கு விளங்கப்படுத்திச் சொன்னார், ஆணுக்குக் கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்கம் இல்லை, ஒரு சின்னப் போத்தலில் கொடுக்கிற சோதனை. அம்மா இதை எழுதலாமா என்று நினைக்காதே. அவளுக்கு வயிற்றில் மூன்று ஓட்டை, உனக்கு ஒரு போத்தல். அதிலும் ஒன்றும் இல்லை என்று வரலாம், குறை என்று வரலாம், வந்தால் மருந்து இருக்கிறதாம், மருந்துக்கும் சரிவராவிட்டால் அது கடவுள் விட்ட வழி. உன் மேல் குறை என்று வந்தாலும் நீ என் மகன்தான், அவள் உன் பெண்சாதிதான், இந்தக் கூரைக்குக் கீழே அதற்காக உன்னை ஒருவரும் ஒரு சொல் சொல்ல மாட்டோம். ஒன்றும் தெரியாமல் அவள் ஒருத்தி மட்டும் வளையல் வாங்கிக்கொண்டு வருவதைத்தான் இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தண்ணீர் நிறையக் குடி. நித்திரை இல்லாமல் பவுசரில் ஏறாதே. பழைய கறியைச் சூடுகாட்டிச் சூடுகாட்டிச் சாப்பிடாதே. வெள்ளிக்கிழமை லீவு நாளில் கபூர் நானாவின் கடைக்குக் கோல் எடு, எந்தத் திகதி வருகிறாய் என்று மட்டும் சொல், மற்றதைப் பேசவேண்டாம், வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது போதும். தாலிக்கொடி சாமிப் படத்துக்கு முன்னால் குங்குமச் சிமிழில் இருக்கிறது. நூல் நனைந்து நனைந்து நைந்துகொண்டு வருகிறது, மறந்துவிடாதே.

நோய் நொடி அண்டாமல், மனம் கோணாமல், முருகன் துணையில் வந்து சேர என் ஆசியும் அப்பா பழனியாண்டியின் ஆசியும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
அழகம்மா

மாமி சொன்னபடியே எழுதினேன். சில இடங்களில் விட்டுவிடலாமா என்று கேட்டேன், மாமி விடவில்லை. இப்போது முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். ஒரு வரியையும் எடுக்க எனக்கும் மனமில்லை.
சுகந்தினி