பிரம்பைத் தோலென்று எழுதிய கை

சிவமயம்.

சொல் பிறக்குமுன் இருந்து, சொல் ஒடுங்கிய பின்னும் நின்று, மெய்யடியார் நாவில் இசையாகவும் பொய்யர் நாவில் நெருப்பாகவும் அமர்ந்திருக்கும் அம்பலவாணன் திருவடியை முதற்கண் வணங்குகிறேன். இம்மடலில் ஒரு சொல்லேனும் அலங்காரத்துக்காக வந்து விழாதபடி அவன் காக்க.

அன்பின் நண்பரே,

இன்று காலை பூசை முடித்து, நெற்றித் திருநீறு உலராமல் இருந்த நேரத்தில் நம் கோயில் சபையின் செயலாளர் வந்தார். அச்சகத்திலிருந்து அப்போதே எடுத்து வந்த அறிவிப்புத் தாள் ஒன்றை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி என் கையில் வைத்தார். மை காயவில்லை. அதன் எண்ணெய் நாற்றம் சந்தன வாசனையைக் கொன்றது. உமது திருவுருவப் படத்தைச் சபை மண்டபத்தில் திறந்து வைக்கப்போகிறார்களாம். உமது பெயருக்கு மேல் இப்படி அச்சிட்டிருந்தது: ‘ஐரோப்பாக் கண்டமெங்கும் நம் பதிகங்களை ஒலிக்கச் செய்யத் திருவுளங்கொண்ட பெருந்தகை.’

 தாளைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாய் கொப்பளித்து வந்தேன். செயலாளர் அதற்குள் நாற்காலியில் சாய்ந்து, தங்கச் சங்கிலியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். துறைமுகத்துத் துரைமார் விருந்தில் முந்தின நாள் குடித்ததை மறைக்கக் கிராம்பு மென்றிருந்தார். கிராம்பும் அந்த வாடையும் சேர்ந்து வீசின.

“பத்து வெண்பா போதும் ஐயா. அந்தாதியா அமைஞ்சா சபைக்குப் பெருமை. அந்த ஐரோப்பா யாத்திரையையும் கொஞ்சம் சேத்து விடுங்க.”

“அவர் போகவே இல்லையே.”

“போக நெனச்சாருல்ல? நெனச்சதே புண்ணியம். படத்துல சைக்கிளும் வரையச் சொல்லிட்டோம்.”

“போக விடாம தடுத்தது யாரு?”

“அட, அது பழைய கதை ஐயா. அப்ப காலம் அப்படி.”

“சபைக்காக ஒரு தடவை எழுதினேன். இனி எழுத மாட்டேன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஓய்வா எழுதுங்க, அவசரமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். தாளை மட்டும் விட்டுப் போனார். ஆதலால் இந்த மடல். நீர் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு மறைந்த பிறகு உம்மோடு பேச எனக்கு வேறு வழியில்லை.

நீர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் நகலெடுக்கும் கிராணி. பகலெல்லாம் பிறர் நிலத்துக்கு எல்லை வரைந்துவிட்டு, மாலைப் பூசையில் நம் சிறு கோயில் சன்னதியில் நின்று பண்ணோடு பதிகம் பாடுவீர். தமிழ்நாட்டில் பல ஆண்டு ஊழியம் செய்த ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர், சீனம் போய்த் திரும்பும் வழியில் நம் மலாய்த் தீவில் இரண்டு நாள் தங்கினார். கோயில் வாசலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்று உமது பாட்டைக் கேட்டார். ஊர் சேர்ந்ததும் கடிதம் எழுதினார். நம் பதிகங்களை ஏட்டில் மட்டும் கண்டு காதலித்திருந்த அவருடைய நண்பர்கள் மூவருக்கும் உமது விலாசத்தைக் கொடுத்தார். அச்செழுத்தைப் பார்த்து வரைந்தது போன்ற தமிழில் நால்வரும் எழுதினார்கள். நால்வர் என்ற எண்ணே நமக்கு இனித்தது.

சுவிஸ் நாட்டு மலைக் கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் கடிதத்தை, சிலிகி சாலையில் மரைக்காயரின் சைக்கிள் கடையில் அமர்ந்து நீர் எனக்குப் படித்துக் காட்டினீர். ‘இருபது ஆண்டாக இப்பாடல்களைக் கண்ணால் படிக்கிறேன். என் செவி இன்னும் தமிழை அறியாது’ என்று எழுதியிருந்தார். நீர் கடிதத்தை மடித்தீர்.

“ஓய், இந்தக் காதுக்கு நான் போய்ச் சேரணும்.”

அன்றே தொடங்கிற்று. கப்பலில் மார்சேல் துறைமுகம். அங்கிருந்து சைக்கிளில் லியோன், ஜெனீவா ஏரி, ஆசிரியரின் மலைக் கிராமம். பிறகு ரைன் நதிக்கரையோடு பாதிரியாரின் ஊர். மற்ற இருவரையும் கண்டு, ஆம்ஸ்டர்டாமில் மீண்டும் கப்பல். ஒவ்வொருவர் வீட்டிலும் மூன்று நாள் பாடுவது. ஐரோப்பாவின் படத்தை அலுவலகத் துல்லியத்தோடு நீரே வரைந்து, மரைக்காயர் கடை மாடியில் தரையெங்கும் விரித்தீர். மஞ்சள் நூலை ஈரமாக்கிச் சாலைகளின் வளைவுகளில் ஒட்டி, பின் நிமிர்த்தித் தூரம் அளந்தீர். நான் எதிரே அமர்ந்து இரவுத் தங்கல்களை எழுதினேன்.

எனக்கு அருவருப்பு அப்போதும் இல்லாமல் இல்லை. மரைக்காயர் உமக்கென்று எடுத்துவைத்த வண்டியின் இருக்கையைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன்.

“இது என்ன தோலு, மரைக்காயரே?”

“மாட்டுத்தோலுதான். வெள்ளக்காரன் வேற எதுல செய்வான்? நான் திங்கிறேன், ஓதுவாரு உக்காரட்டும். மாடு ஒண்ணு, ஆளுக்குப் பாதி.”

நீர் வயிறு குலுங்கச் சிரித்தீர். நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஆனால் மரைக்காயர் கேலியோடு நிற்கவில்லை. மறுவாரமே கம்போங் கிளாமிலிருந்து மலாய்ப் பிரம்பு வேலைக்காரர் ஒருவரை அழைத்து வந்து, தோலை உரித்தெடுத்துவிட்டுப் பிரம்பால் இருக்கை பின்னச் செய்தார். சங்கிலிக்குக் கொழுப்பை விலக்கி விளக்கெண்ணெய் இட்டார். “தடவிப் பாருங்க புள்ளவாள், இனி உங்க சாமிக்கும் சம்மதம், எங்க மாட்டுக்கும் சம்மதம்” என்றார். நான் தடவிப் பார்த்தேன். பிரம்பின் குளிர்ச்சி விரலில் இன்றும் இருக்கிறது.

வாரந்தோறும் ஒரு நாள் விடியலில் கிளம்பி, புக்கிட் தீமா வழியே தீவின் வடகோடியில் கிராஞ்சிக் கடல்வாய் வரை மிதித்துப் போய், மாலைப் பூசைக்குள் திரும்பி வந்து பாடிப் பழகினீர். ஆறுக்கு வெளிச்சம், ஆறுக்கு இருட்டு. இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை அளவுகோலாக வைத்தே ஐரோப்பாவின் ஒவ்வொரு நாளையும் வகுத்தோம். பயணத்துக்கு நாள் பார்த்தவன் நான். உத்தராயணம் பிறக்கும் தை மாதம், நல்ல நட்சத்திரம், மேற்கே சூலமில்லாத கிழமை என்று பஞ்சாங்கத்தை மூன்று முறை புரட்டிக் குறித்தேன். அந்தத் தேதியை நால்வருக்கும் பெருமையோடு எழுதினோம்.

பள்ளி ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. அந்த மாதத்தில் தம் ஊர்ச் சாலை இரண்டு ஆள் உயரப் பனிக்கு அடியில் இருக்கும், பகல் எட்டு மணி நேரமே, கோடையில் வாருங்கள் என்று மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார். தையும் ஆடியும் ஒரே வெயிலாக, ஒரே மழையாக வரும் தீவில் இருந்துகொண்டு உலகமெல்லாம் இப்படியே என்று நம்பியிருந்தோம். உமது இல்லத்தரசி பயணத்துக்காகப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த மலையில ஈர வேட்டி எப்படிக் காயும்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. இவுக ரெண்டு வேளை குளிக்காம இருக்க மாட்டாக. பனியில வெறச்சு நட்டுக்கிட்டு நிக்கிற வேட்டியோட போயிப் பாடுவாக போல.”

மூவரும் சிரித்தோம். பயணத்தை ஆனிக்கு மாற்றினோம். என் பஞ்சாங்கப் பிழையால் விளைந்த அந்த ஐந்து மாத இடைவெளியில்தான் செய்தி சபைக்கு எட்டியது.

சபைக் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அங்கே அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் கடல் கடந்து வந்தவர்; கடல் கடப்பதைக் குற்றமென்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. ஆகவே புலால் உண்ணும் வீடுகளில் தங்குவது குற்றமென்றார்கள். தோல்மேல் அமர்ந்து போனவன் சன்னதியில் நின்று பாடலாமா என்றார்கள். போனால் மீண்டும் பாட முடியாது என்று உமக்கு ஒரு தீர்மானம் அனுப்ப முடிவாயிற்று. செயலாளர் என் பக்கம் குனிந்தார்.

“நீங்க எழுதலேன்னா நானே எழுதிருவேன். என் தமிழு உங்களுக்குத் தெரியும்ல.”

உம்மைக் குறித்து மோசமான தமிழில் ஒரு தாள் போவதைத் தடுக்கவே எழுதினேன் என்று பல ஆண்டு எனக்கே சொல்லிவந்தேன். அதில் பாதியே உண்மை. உமது பெயரை நான்கு ஊர்களில் அறிந்திருந்தார்கள். என் பெயர் அந்த மண்டபத்து வாசற்படியைத் தாண்டியதில்லை. எழுதினேன்: ‘புறச்சமயத்தார் புலால் நுகரும் இல்லங்களில் உறைந்து, பசுத்தோல்மேல் அமர்ந்து, நாடு பல திரிந்து மீளும் நாவு, நந்தி காக்கும் வாயிலினுள் நாதன் புகழ் பாடத் தகுமோ என்று சபை ஐயுறுகிறது.’

பிரம்பென்று எனக்குத் தெரியும். என் விரலே தடவியது. ஆனால் பிரம்பின்மேல் அமர்ந்து என்று எழுதினால் குற்றம் எங்கே, நந்திக்கு எதிரே பசு எங்கே? புறம், புலால், பசு என்று அடுக்கி வந்த ஓசை எனக்கு இனித்தது. அந்த இனிப்புக்காக ஒரு பொய்யைச் சன்னதியின் பெயரால் எழுதினேன். கீழே கையொப்பம் செயலாளருடையது. கூட்டத்தில் படித்தபோது தலையாட்டினார்கள். ஒருவர், “அருமையான நடை” என்றார். நான் தலைகுனிந்து மகிழ்ந்தேன். தீட்டு என்று நான் வாழ்நாள் முழுதும் விலக்கிய பொருள்கள் பல. அந்த மகிழ்ச்சியைப்போல் தீட்டான ஒன்றை நான் தொட்டதில்லை.

நீர் சண்டையிடவில்லை. மறுநாளும் மாலைப் பூசைக்கு வந்து பாடினீர். சைக்கிளை மரைக்காயரிடம் திருப்பித் தந்தீர். அவர் அதை விற்க மறுத்து, கடை உத்தரத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அண்ணாந்து அதைப் பார்ப்பார். நால்வருக்கும், உடல்நலம் இடம் தரவில்லை என்று கடிதம் எழுதினீர். அதைக்கூட என்னிடம்தான் கொண்டு வந்தீர். “பிழை இருந்தா திருத்தித் தாரும் ஓய்” என்றீர். நான் இரண்டு இடத்தில் திருத்தினேன். அந்தக் கடிதத்தின் ஒரே பிழை எதிரே அமர்ந்து மையைத் தொட்டுக்கொண்டிருந்ததை அறியாமல் நீர் காத்திருந்தீர் என்றே இன்று காலை வரை நம்பியிருந்தேன்.

செயலாளர் போன பின், குதிரைப் பந்தயத் திடல் பக்கத்தில் உமது வீட்டுக்கு நடந்தேன். உமது இல்லத்தரசி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

“தங்கச்சி, அந்தத் தீர்மானத்த எழுதினது நான்.”

முறம் நிற்கவில்லை.

“தெரியும் அண்ணாச்சி.”

“யாரு சொன்னா?”

“தாளு வந்த அன்னிக்கே அவுகதான். எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, வாய்விட்டுப் படிச்சுக் காட்டுனாக. ரெண்டு தடவ படிச்சாக. ‘இந்தத் தமிழு இந்த ஊர்ல வேற யாருக்கும் வராதுடி, எம்புட்டு அழகா இருக்கு பாரு’ன்னாக.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“தோலுன்னு வந்த எடத்துல மட்டும் செத்த நேரம் நின்னாக. ‘அவரு கையால தடவிப் பாத்தாரே’ன்னாக. பெறகு மடிச்சு வச்சிட்டு சாப்பிட வந்துட்டாக.”

நான் உட்காரவில்லை. அவர் கொடுத்த மோரையும் குடிக்க முடியவில்லை.

அந்தத் தாள் வந்த பின் ஆறு ஆண்டு நீர் இருந்தீர். மாலைதோறும் கோயிலிலிருந்து நேராக என்னிடம் வந்து, அன்று பாடிய பதிகத்தில் ஓர் அடிக்குப் பொருள் கேட்பீர். நான் நிமிர்ந்து அமர்ந்து, மெய்யென்றால் என்ன, பொய்யென்றால் என்ன என்று இறைவன் வாக்கிலிருந்து எடுத்துச் சொல்வேன். நீர் எல்லாம் அறிந்தே, கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர். ஒருநாளாவது என் முகத்தில் அந்தத் தாளை எறிந்திருக்கக் கூடாதா? எறிந்திருந்தால் நான் உம்மோடு சண்டையிட்டாவது ஆறியிருப்பேன். பொறுமையென்று இதைப் புகழ்வார்கள். எனக்கோ, நீர் கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு மாலையும் வாயில் கசக்கிறது.

நால்வருக்கும் இன்று எழுதிவிட்டேன். உடல்நலம் அல்ல, என் பொய்ச்சொல் தடுத்தது என்று எழுதினேன். எதுகையில்லை, அடுக்கில்லை. நான்கு வரி எழுத மாலையாயிற்று. அந்த மலை ஆசிரியரின் செவி இனி உமது குரலை அறியாது. இதை நான் சுமந்தே போகவேண்டும். கை கழுவும்போதெல்லாம் ஒருகணம் நிற்கிறேன். இன்னும் கழுவவேண்டும் போலிருக்கிறது.

இம்மடலை எவர் படிப்பினும், அவர் வீட்டு விளக்கு மங்காதிருக்க. அவர் பிள்ளைகள் விரும்பிய வழி நடந்து சுகமே மீள்க. கற்றவன் சொல்லழகால் அவர் குடும்பத்தில் ஒருவருடைய பயணமும் நின்றுபோகாதிருக்க. பாட வாய்த்தவர் பாடவும், கேட்கக் காத்திருப்பவர் கேட்கவும் எம்பெருமான் அருள்க.