தண்டைத் தொடாமல் வேகம் அறிந்த பெட்டி

என் அன்புக் காக்காவுக்கு,

ஊர் அடங்கிய பிறகு எழுதுகிறேன், மன்னியுங்கள். நீங்கள் காணாத உங்கள் மருமகள், இந்தத் தங்கச்சியின் மகள், அழுது களைத்து இப்போதுதான் உறங்கினாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மில் கதைதான் முந்திக்கொண்டு வருகிறது.

சம்மாந்துறை நெல் மில்லில் நீங்களே செய்து பூட்டிய பெட்டியை முதலாளி ஹாஜியார் கழற்றிவிட்டார். பழைய தூண்டல் மோட்டரை டீசல் எஞ்சினால் சுழற்றி மின்சாரம் எடுத்தீர்களே, அதன் வேகத்தை உங்கள் பெட்டி, சுழலும் தண்டைத் தொடாமலே கணித்தது. வெளிவரும் மின்சாரம் எவ்வளவு விரைவாகத் துடிக்கிறது, எவ்வளவு ஓடுகிறது என்பதே அதற்குப் போதும். அதற்கேற்ப டீசலைக் கூட்டும், குறைக்கும். ஹாஜியாருக்கு அது பிடிபடவேயில்லை.

"தொடாம எப்பிடிகா வேகம் தெரியும்? மந்திரமா?" என்று என்னிடமே சிரித்தார். கொழும்பிலிருந்து ஆள் வந்து தண்டில் ஓட்டைச் சக்கரமும், அதைப் பார்க்க ஒரு மின்கண்ணும் பூட்டினார். முகப்பில் பளபளக்கும் மீட்டர். ஊரே போய்ப் பார்த்தது.

நெல் மில்லில் உமித்தூசி பறக்கும் என்று இவர்களுக்குத் தெரியாதா? மின்கண்ணைத் தூசி மூடியது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, மீட்டர் முள் மட்டும் விழுந்தது. வேகம் குறைந்துவிட்டதென்று அந்தப் புதுச் சாமான் டீசலை மேலும் மேலும் ஊட்டியது. எஞ்சின் தறிகெட்டு ஓடி மின்னழுத்தம் ஏற, மில்லிலிருந்து லைற் எடுக்கும் பின்வளவு வீடுகளில் பல்புகள் வெடித்தன. எங்கள் வீட்டிலும்தான். கண்ணாடிச் சில்லு, நுளம்பு கடிக்காமல் பிள்ளைக்குக் கட்டிய வலையில் கொட்டியது. வலை இல்லாவிட்டால்?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் ஹாஜியார் என்ன சொன்னார் தெரியுமா? "மௌத்தானவர்ர வேல அது. கொற சொல்லப்படா. அல்லாஹ் மன்னிக்கட்டும்." செத்துப்போன உங்கள் தலையில் பழியைப் போட்டுவிட்டு, உங்களுக்காக துஆவும் கேட்டாராம்!

நேற்று வீடு தேடி வந்தார். "பெட்டியப் பூட்டித் தா புள்ள. நீதானே காக்காவோட நிண்டு செஞ்ச. ஆனா முன்னுக்கு இரிக்கிற மீட்டரக் கழட்டாத, சனம் பாக்கும்."

"செத்த முள்ளையா பாக்கப் போறாங்க? பிழ யார்ரெண்டு பள்ளியில சொல்லுங்க, பூட்டுறன்."

"படிச்ச வாய். லைற் வேணுமா, வேணாமா?"

"வேணும். சொல்லுங்க."

"ஓம், சொல்றன்" என்றார். வெற்றிலை எச்சிலை எங்கள் முற்றத்திலேயே துப்பிவிட்டுப் போனார்.

பூட்டத்தான் வேண்டும். ஆனால் பயமாக இருக்கிறது, காக்கா. மோட்டர் சூடேறினால் உள்ளே மின்தடையும் ஏறும். அதே சுமைக்குத் தண்டு இன்னும் வேகமாகச் சுழலும், பெட்டியோ பழைய கணக்கிலேயே நிற்கும். நீங்கள் ஒரு சின்னத் திருகைத் திருப்பிச் சரிப்படுத்துவீர்கள். அதைச் சொல்லித் தருமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

பக்கத்திலேயே நிற்பேன். கை பொறுக்காத சூடு வந்தால் நானே எஞ்சினை நிறுத்துவேன், ஹாஜியார் கத்தினாலும் சரி. இது என் வாக்கு. அந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும்? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் ஒரே தங்கச்சி