சிவப்புக் குறி போட்ட செங்கல்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் சௌகரியம். உன் இடுப்புவலி தேவலையா?

இடித்த கட்டடங்களின் செங்கல்லைத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால் மறுபடி கட்ட அடுக்குவேன். இல்லையென்றால் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டு ஒதுக்குவேன். "ஒதுக்கினதை உடைச்சுப் பள்ளத்துல கொட்டிடுறேன் மாப்ள" என்பார் மேஸ்திரியான உன் அண்ணன். கூடப்பிறந்தவராக நம்பினேன்.

நேற்றைய மழையில் வேலையாட்கள் எங்களுக்கு அவர் கட்டிய புது அறையின் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. என் தலைமாட்டில் நான் போட்ட குறிகள் வரிசையாக நிற்கின்றன. கேட்டதற்கு, "பூசிட்டா யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

கவலைப்படாதே, கட்டிலை நகர்த்திவிட்டேன். உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, சுவரை மறைத்துக் கட்ட.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அண்ணனை விசாரித்திருந்தாயே, அவருக்கென்ன, நன்றாக இருக்கிறார். அவர் தங்குவது வேறு கட்டடத்தில்.