காகிதப்பூச் செடியில் ஒரு வளையம்

4 ஜூலை 1968, வியாழன்
காலையில் தூறல். எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டு நாற்பதும் திருத்தாமல் கிடக்கின்றன. வாசல் காகிதப்பூச் செடியில் மூன்றாவது கிளையும் வாடிவிட்டது. கிளையின் அடியில் சுற்றிலும் ஒரு வெட்டு, பேனாக்கத்தியால் சீவியது போல.

செடி என் மனைவி சாரதா வைத்தது. அவளுக்கு இப்போது ஏழு மாதம்.
"ஏங்க, உங்க அண்ணிதான். வேற யாரு நம்ம வாசலுக்கு வராங்க?"
அண்ணி இதே வீட்டின் மறுபாதியில் இருக்கிறார். அண்ணன் போய் ஆறு வருடம். குழந்தை இல்லை. பைத்தியக்காரப் பேச்சு என்று சத்தம் போட்டேன்.

7 ஜூலை, ஞாயிறு
ஐந்தாவது கிளை. கிணற்றடியில் காதில் விழுந்தது: "புள்ள இல்லாதவ. செடிய அறுத்து வவுத்துப் புள்ளய அறுக்கிறா."
அண்ணி கொடுத்தனுப்பிய ரசத்தைச் சாரதா கொட்டிவிட்டாள்.
மாமியார் சேலத்திலிருந்து வந்து, பூசாரியை அழைத்துவந்தார். வாடிய கிளைகள், எலுமிச்சை, சிவப்புத் துணி. கட்டாகக் கட்டி, சாரதாவின் கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் தொங்கவிட்டாயிற்று. அறிவியல் வாத்தியார் வீடு! நான் தடுக்கவில்லை. போன வருடம் ஒன்று கலைந்தது. எனக்கும் பயம்.

10 ஜூலை, புதன்
வெயில். பள்ளிக்குக் கிளம்பும்போது தண்டின் பட்டை நகர்ந்தது. பட்டை இல்லை, வண்டு. ஊறுகாய்ப் புட்டியில் பிடித்துப் போட்டேன்.
நீளம் முக்கால் அங்குலம். சாம்பல் நிறம். கொம்புகள் உடம்பளவு. இறக்கையில் பக்கத்துக்கொன்றாகக் கண் போன்ற திட்டு. பிடித்தால் கிறீச்சிடுகிறது.
லேப் புத்தகத்தில் இருக்கிறது. நீளக்கொம்பு வண்டு. பெண் வண்டு கிளையைச் சுற்றிக் கடித்து வளையம் போடும், சாகிற கிளைக்குள் முட்டையிடும்.
ஓடிவந்து சாரதாவிடம் காட்டினேன். "புஸ்தகத்துல என்ன வேணா போட்டிருப்பாங்க." புட்டியைப் பார்க்கவே இல்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு
ஒரு வாரமாக உத்தரத்தில் கரகர சத்தம். இன்று காலை சாரதாவின் தலைமுடியில் மாவு மாதிரி தூள். அலறிவிட்டாள்.
அப்போதுதான் உறைத்தது. முட்டைகளை நாங்களே அவள் தலைக்கு மேல் கட்டியிருக்கிறோம். கட்டை இறக்கி, அவள் எதிரிலேயே ஒரு கிளையைப் பிளந்தேன். உள்ளே வெள்ளைப் புழு, தின்றுகொண்டிருந்தது. கட்டு முழுவதையும் அடுப்பில் போட்டேன்.
சாரதா அழுதாள். "பாவங்க அவங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

புட்டியோடு போனேன். வண்டு செத்து மூன்று வாரம். அண்ணி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.
"உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சுங்க அண்ணி."
"நான் கத்தி எடுக்கலைங்க தம்பி. ஆனா அந்தச் செடி பட்டுப்போவோணும்னு தெனமும் வெளக்கு வெச்சுக் கும்புட்டேன். இது வந்திருக்குது."
கண்ணாடி மேல் விரலால் தடவினார்.
"அந்தப் புள்ளைய அவங்க அம்மா வூட்டுக்கு அனுப்பிடுங்க தம்பி. செடிய மட்டுந்தான் கேட்டேன். இன்னும் எதையாச்சும் கேட்டுருவேனோன்னு எனக்கே பயமா இருக்குது."

பெட்டி கட்டிவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் சேலம். தொப்பூர் இறக்கத்தில் மெதுவாக ஓட்டச் சொல்ல வேண்டும்.
திடீரென்று எதற்கு என்று சாரதா கேட்டாள். இங்கே வெயில் தாங்காது என்றேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.