வாசலில் கிடக்கும் பூட்ஸ்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

என் லீவை ரத்து செய்துவிட்டார்கள். பயப்படாதே, சண்டை ஒன்றுமில்லை. எல்லாம் எங்கள் ஹவில்தார் அடித்த கூத்து. டிரைவர் ஒருவன் கான்வாயில் வண்டி ஓட்டிப் போகும்போதெல்லாம் இவர் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போய் அவன் பெண்டாட்டியோடு இருந்திருக்கிறார். அன்றைக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் பின்பக்கமாக ஓடியவர், அவசரத்தில் டிரைவரின் இன்னொரு ஜோடி பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இங்கே பூட்ஸுக்குள் அவரவர் நம்பர் இருக்கும். மறுநாள் பரேடில் சுபேதார் பூட்ஸைச் சோதித்து நம்பரை உரக்கப் படித்தார்.

"சார், அது என் நம்பர். அந்த பூட்ஸ் என் வீட்லதானே இருக்கு!" என்றான் டிரைவர். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

ஹவில்தாரின் கைப் பட்டையைப் பிடுங்கிப் பதவி இறக்கிவிட்டார்கள். அவள் தாய்வீடு போய்விட்டாள். இன்னும் யாராவது இப்படி இருக்கிறார்களா என்று விசாரிக்கிறார்கள்; அது முடியும்வரை எங்கள் ஒருவருக்கும் லீவு கிடையாது. எவனோ செய்ததற்கு நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

டிரைவர் இப்போது என் பக்கத்துக் கட்டிலில். "பெண்டாட்டிய ஊர்ல தனியா விட்டுட்டு வந்திருக்கியே, உனக்கு பயமே இல்லயாடா?" என்று கேட்டான். "பேசாம படுடா" என்று எரிந்து விழுந்தேன்.

கம்பளி சாக்ஸ் அனுப்பு. ஆண்துணை இருப்பதாகத் தெரியட்டும் என்று வாசலில் என் பழைய பூட்ஸை வைத்திருக்கிறாயே, அதில் என் நம்பர்தானா என்று பார்த்து எழுது. சந்தேகமெல்லாம் இல்லை, சும்மாதான். இந்த வரியைப் பேனாவால் அடித்தால் நீ இன்னும் மோசமாக நினைப்பாய். விசில் ஊதிவிட்டான், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்